கொழுக்கட்டைப் புல்: ஒரே கொல்லையில் தீவனமும் விதையும் எடுப்பது எப்படி?

கேள்வி இது: பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண் மானாவாரிக் கொல்லை. மூன்று கறவை மாடு, கொஞ்சம் ஆடு. கொழுக்கட்டைப் புல் போட்டால் தீவனத்துக்கும் ஆகும், விதையும் விற்கலாம் என்கிறார்கள். ஆனால் போன வருடம் வாங்கித் தூவிய விதை முளைக்கவே இல்லை. ஒரே கொல்லையில் இரண்டும் எடுக்க முடியுமா?

எடுக்கலாம். ஆனால் ஒரே பாத்தியில், ஒரே பருவத்தில் இரண்டையும் முழுதாக எடுக்க முடியாது. மாட்டுக்கு நல்ல புல் வேண்டுமென்றால் பூ எட்டிப் பார்க்கும்போதே அறுக்க வேண்டும். விதை வேண்டுமென்றால் கதிர் பழுத்து உதிரத் தொடங்கும்வரை விட வேண்டும். அதற்குள் இலையில் இருந்த சத்து இறங்கித் தண்டு முற்றிவிடும். ஒரு முறை விதை எடுத்தால் குறைந்தது ஒரு அறுப்புத் தீவனத்தை இழக்கிறீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் இரண்டு ஏக்கரிலும் விதைக்கு ஆசைப்பட வேண்டாம். ஒன்றரை ஏக்கரை மாட்டுக்கு விட்டு, ஐம்பது சென்டை விதைக்கு ஒதுக்குங்கள். எந்த ஐம்பது சென்ட் என்பதை வருடத்துக்கு வருடம் மாற்றலாம்.

முதலில் போன வருடம் விதை ஏன் முளைக்கவில்லை என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் மறுபடி விதை வாங்கினால் மறுபடியும் பணம் மண்ணுக்குத்தான் போகும். கொழுக்கட்டைப் புல்லில் நாம் விதை என்று சொல்வது பஞ்சு போன்ற சுணை சூழ்ந்த ஒரு முடிச்சு. உள்ளே ஒன்றிரண்டு மணி இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பாதிக்கு மேல் வெறும் சுணையாக இருக்கும் விதையும் சந்தையில் விற்கிறது. ஒரு பிடி எடுத்து, ஐம்பது முடிச்சுகளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மணி இருந்தால் நகத்தில் கெட்டியாகத் தட்டும். இல்லையென்றால் நசுங்கிப் போகும். விதை வாங்கும் இடத்திலேயே இதைச் செய்யலாம், ஐந்து நிமிட வேலை.

மணி இருந்தும் முளைக்காமல் போகும். புதிதாக அறுத்த விதைக்கு ஆறேழு மாதம் உறக்கம் உண்டு, மேலுறைதான் அதற்குப் பெரிய காரணம். டிசம்பரில் அறுத்ததை மார்ச்சில் தூவினால் பத்தில் ஒன்றிரண்டு வருவதே அதிகம். அதே விதை ஆகஸ்ட், செப்டம்பரில் நன்றாக வரும். இரண்டு மூன்று வருடம் தாண்டினால் மறுபடி முளைப்பு இறங்கிவிடும். ஆகவே "புது விதை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், இந்தப் புல்லைப் பொறுத்தவரை அது குறை. எந்த மாதம் அறுத்தது என்று கேளுங்கள். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரையிலான விதையே நல்லது.

மூன்றாவது காரணம் ஆழம். ராகி விதைப்பது போலத் தூவிவிட்டு மேலே கலப்பை ஓட்டினால் புல் விதை இரண்டு அங்குலத்துக்குக் கீழே போய்விடும், அங்கிருந்து ஏறி வராது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடக் கூடாது. நான்காவது எறும்பு. மேலாகத் தூவிய விதையை மழை வருவதற்குள் எறும்பு வரிசை கட்டித் தூக்கிவிடும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை, விதை மேல்தான் பழி போடுகிறார்கள்.

இனி மண்ணும் இரகமும். உங்கள் மண்ணுக்குக் கொழுக்கட்டை சரியான தேர்வு. செம்மண், சரளை கலந்த மண், கொஞ்சம் சுண்ணாம்பு உள்ள மேட்டாங்காடு எல்லாம் இதற்கு ஒத்துப்போகும். நீர் தேங்கும் பள்ளத்திலும், வெடிக்கும் கனத்த களிமண்ணிலும் வராது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்று வெளியிட்டது நீலக் கொழுக்கட்டை. இலை நீலம் பூத்தாற்போல இருக்கும். கோயமுத்தூரில் பல்கலைக்கழகத் தீவனப்பயிர்த் துறையில் விதைக்குக் கேளுங்கள். பாப்பாரப்பட்டியிலும் கிருஷ்ணகிரி எலுமிச்சங்கிரியிலும் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாகவும் விசாரிக்கலாம்.

மாமரத்துக்கு அடியில் போடலாமா என்று போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் அடிக்கடி கேட்பார்கள். நிழலில் கொழுக்கட்டை இளைத்துவிடும். அங்கே கினியா புல் போடுங்கள், அது நிழலைத் தாங்கும். ஆனால் மாங்காய் பறிப்புக்கு முன் ஒட்ட அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் விழுந்த காயும் தெரியாது, பாம்பும் தெரியாது.

இன்னொன்று. கம்பு நேப்பியர் விதை, சூப்பர் நேப்பியர் விதை என்று பொட்டலத்தில் விற்பதைத் தொடவே வேண்டாம். கம்புக்கும் நேப்பியர் புல்லுக்கும் பிறந்த கலப்பினம் அது. கம்பில் 14 குரோமோசோம், நேப்பியரில் 28, இரண்டும் சேர்ந்த கலப்பினத்தில் 21. ஒற்றைப்படை எண்ணிக்கை சரிபாதியாகப் பிரியாது என்பதால் அதில் விதை பிடிப்பதில்லை. கரணையாகத்தான் நட முடியும். பொட்டலத்தில் இருப்பது வேறு ஏதோ ஒன்று.

நடவுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆண்டு மழை சுமாராக 850 மில்லிமீட்டர். அதில் நம்பிக்கையான பகுதி செப்டம்பரும் அக்டோபரும். ஜூன் மழையைப் பார்த்து விதைத்தால் ஜூலையில் காயும், இளம் புல் அந்த வறட்சியைத் தாங்காது. ஆகவே மே மழையில் ஒரு உழவு, ஜூலையில் இன்னொரு உழவு, கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம், பிறகு ஆகஸ்ட் பாதிக்கு மேல் விதைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மழையில் முளைத்த பார்த்தீனியம் ஜூலை உழவில் மடிந்துபோகும், அது பெரிய லாபம். அடியுரமாக ஏக்கருக்கு சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, யூரியா 22 கிலோ, பொட்டாஷ் 13 கிலோ. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 25, மணிச்சத்து 40, சாம்பல் சத்து 20 கிலோ என்ற பரிந்துரையை ஏக்கருக்கு மாற்றினால் இதுதான் வரும். சூப்பரை மட்டும் குறைக்காதீர்கள். செம்மண்ணில் மணிச்சத்து குறைந்தால் புல் நிற்கும், தூர் கட்டாது.

விதை ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ. இது ஓரளவு நல்ல முளைப்புள்ள விதைக்கு. நூறு முடிச்சை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து மூன்று வாரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது முளைத்தால் மூன்று கிலோ போதும். பதினைந்துதான் வந்தால் ஆறு கிலோ வேண்டும். ஐந்தாறுதான் என்றால் விதையைத் திருப்பிக் கொடுங்கள்.

சுணை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் இந்த விதை கையிலிருந்து சீராக விழாது. ஈர மணலில் பிசறித் தூவுவது ஒரு வழி. அதைவிட நல்லது உருண்டை. சலித்த களிமண் மூன்று பங்கு, சாணம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு சேர்த்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, விதையைக் கலந்து, ஒரு உருண்டைக்கு மூன்று நான்கு முடிச்சு வரும்படி பட்டாணி அளவில் உருட்டி நிழலில் உலர்த்துங்கள். எறும்பு தொடாது, காற்றில் பறக்காது. உருண்டையைக் கெட்டியாக உருட்டக் கூடாது, மழையில் கரைய வேண்டும். வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30. விதைப் பாத்தியில் மட்டும் வரிசையை 75 ஆக்குங்கள். களை எடுக்கவும் நடுவே நடந்து கதிர் உருவவும் அந்த இடம் வேண்டும், காற்று ஓடினால் கதிரில் பூசணமும் குறையும்.

விதை குறைவாக இருந்தால் ஆகஸ்டில் ஒரு சென்ட் நாற்றங்கால் போட்டு, ஒரு மாத நாற்றை செப்டம்பர் மழையில் நடுவது பாதுகாப்பு. 75க்கு 30 இடைவெளியில் ஏக்கருக்கு 18,000 நாற்று பிடிக்கும், 50 சென்டுக்கு 9,000. ஆள் கூலி ஆகும்தான், ஆனால் சந்து இல்லாமல் நிற்கும். ஓரிடத்தில் ஏற்கெனவே புல் இருந்தால் தூரைப் பிரித்து வேர்க்கரணையாகவும் நடலாம்.

முதல் 45 நாள் புல் மிக மெதுவாக வளரும், களை முந்தும். இரண்டு முறை களைக்கொத்து கட்டாயம். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். "புல்லுக்கே களையெடுப்பா" என்று சிரிப்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். முதல் அறுப்பு 70 முதல் 75 நாளில். ஆட்டையோ மாட்டையோ நேரே ஓட்டிவிட வேண்டாம். ஒரு தூரின் இலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்தால் வேர் பிடித்துவிட்டது. தூரே கையோடு வந்தால் இன்னும் நாள் ஆக வேண்டும். அறுக்கும்போது அடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் விடுங்கள், அடுத்த துளிருக்கான சேமிப்பு அந்த அடித்தண்டில்தான் இருக்கிறது. மண்ணோடு வழித்து அறுத்தால் ஓரிரு வருடத்தில் தூர் செத்து அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொள்ளும்.

தீவனக் கணக்கு: தண்ணீரும் பராமரிப்பும் சரியாக இருந்தால் நான்கு முதல் ஆறு அறுப்பில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 40 டன், அதாவது ஏக்கருக்கு 16 டன் பசும்புல் என்பது பரிந்துரைப் புத்தகத்துக் கணக்கு. மானாவாரியில் அதில் பாதியை, 8 முதல் 10 டன்னை, நம்பித் திட்டமிடுங்கள். ஒன்றரை ஏக்கரில் 12 முதல் 15 டன். மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ வைத்தால் மூன்று மாட்டுக்கு 160 முதல் 200 நாள் வரும். மீதி நாளுக்கு ராகித் தாளும் சோளத்தட்டும் கைவசம் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் மண்ணில் ஈரம் இருந்தால் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா. ஈரம் இல்லாதபோது போட்டால் பாதி காற்றோடு போகும்.

இனி விதைப் பாத்தி. எப்போது அறுப்பதை நிறுத்திப் பாத்தியை மூடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒட்ட அறுத்த நாளிலிருந்து ஐந்தாறு வாரத்தில் கதிர் நன்றாக வெளிவரும், அதற்குப் பின் மூன்று நான்கு வாரத்தில் பழுக்கும். ஆகஸ்டில் மூடினால் கதிர் அக்டோபர் மழையில் பழுக்கும். பூக்கும் நேரத்து ஈரத்தில் கம்பில் வருவதைப் போன்ற தேன் ஒழுகல் நோய் இதிலும் வரும், கதிரில் பிசுபிசுப்பு தெரியும், பிறகு கறுக்கும். அப்படிப்பட்ட கதிர் விதைக்கும் ஆகாது, மாட்டுக்கும் போடக் கூடாது. எனவே அக்டோபர் நடுவில் கடைசி அறுப்பை முடித்து மூடுங்கள் (புதிதாக விதைத்த வருடத்தில் 70, 75 நாளில் வரும் முதல் அறுப்போடு மூடுங்கள், நாட்கள் சற்றுத் தள்ளிப்போகும்). கதிர் நவம்பர் கடைசியில் வரும், டிசம்பர் கடைசி, ஜனவரியில் வறண்ட காற்றில் பழுக்கும். இந்த நாட்கணக்கில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஜனவரியில் அறுத்த விதை உறக்கம் தெளிந்து, சரியாக அடுத்த விதைப்புப் பருவத்துக்குத் தயாராகிவிடும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதிக்கு இந்தத் தேதி ஒத்துவராது. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் அளவில் டிசம்பர் இரவுகள் குளிரும், விடிகாலைப் பனியும் உண்டு. கொழுக்கட்டை வெப்பம் விரும்பும் புல். குளிரில் கதிர் வருவதே தடுமாறும். அங்கே கிணற்றுத் தண்ணீர் இருந்தால் பிப்ரவரி தொடக்கத்தில் அறுத்து மூடி, தண்ணீர் கட்டி, ஏப்ரலில், மே மழைக்கு முன் விதை எடுப்பது நல்லது. ஆனால் அந்த விதை அந்த வருட ஆகஸ்டுக்கு முழுதாக உறக்கம் தெளிந்திருக்காது. அடுத்த வருடம் விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூடிய உடனே, ஈரத்தில், ஐம்பது சென்டுக்கு 18 கிலோ யூரியா. தாமதமாகப் போட்டால் கதிருக்குப் பதில் இலைதான் கூடும். கதிர் வருவதற்கு முன் பாத்திக்குள் ஒரு முறை நடந்து பார்த்தீனியத்தையும் வேறு புல்லையும் வேரோடு பிடுங்குங்கள். பிறகு கலந்த விதையைப் பிரிக்க முடியாது. சுணையில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கதிர் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பழுக்கும். ஒரே கொல்லையில் ஒரு தூர் பூக்கும்போது இன்னொன்று உதிரும், ஆகவே ஒரே நாளில் அரிவாள் போட்டு முடிக்கும் வேலை அல்ல. கதிர் வைக்கோல் நிறத்துக்கு வந்து, நுனி முடிச்சு தொட்டதும் உதிர்ந்தால் நாள் வந்துவிட்டது. காலைப் பனி காய்ந்த பின், கதிரின் அடியைப் பிடித்து மேல்நோக்கி உருவி மடிச்சாக்கில் போட்டுக்கொண்டே போக வேண்டும். பழுத்தது வரும், பச்சை வராது. பலமாக உருவினால் பச்சையும் வரும், அதுதான் முளைக்காத விதை. கையில் துணியோ உறையோ போட்டுக்கொள்ளுங்கள், சுணை விரலிடுக்கில் அரிக்கும். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று சுற்று. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் விதை தரையில் கிடக்கும். நன்கு பராமரித்த பாத்தியில் ஏக்கர் கணக்கில் 40, 50 கிலோ வரை வரும். முதல் வருடத்தில், அல்லது கவனிக்காமல் விட்டால், 15, 20 தேறுவதே பெரிது. உங்கள் ஐம்பது சென்டுக்கு முதல் வருடம் பத்து கிலோ என்று எண்ணித் தொடங்குங்கள்.

கினியா புல்லில் விதை எடுப்பது இதைவிடச் சிரமம், அது இன்னும் வேகமாக உதிரும். தாய்லாந்தில் சிறு விவசாயிகள் நாலைந்து தூரின் கதிர்களைச் சேர்த்து நின்றபடியே கட்டிவிட்டு, தினமும் வலைத் தொட்டிலில் தட்டி எடுக்கிறார்கள். வெட்டிக் குவித்துக் காய வைப்பதைவிட அதில் முளைப்பு அதிகம், ஏனென்றால் மணி செடியிலேயே பழுக்கிறது.

உருவிய விதையைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் நிழலில், பிறகு இளவெயிலில் உலர்த்துங்கள். குவித்து வைத்தால் உள்ளே சூடேறி மணி செத்துவிடும். காற்று அடிக்கும்போது முறத்தில் புடைத்தால் மணியோடு சேர்ந்த முடிச்சும் பறந்துவிடும். காற்றில்லாத இடத்தில் மெல்லப் புடைக்க வேண்டும். காய்ந்த பிறகு துணிப் பையில் அல்லது சாக்கில், தரையில் படாமல் கட்டையின் மேல் அடுக்குங்கள். ஈரம் இருக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டக் கூடாது. பையில் அறுத்த மாதத்தை எழுதுங்கள். மூட்டை பெரிதாக இருக்கும், எடை இருக்காது, எலிக்கும் பிடிக்கும்.

ஒரு நல்ல செய்தி. கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் மகரந்தக் கலப்பில்லாமலே விதை கட்டும் இனம். தாய்த்தூர் எப்படியோ விதையிலிருந்து வருவதும் அப்படியே. பக்கத்துக் கொல்லைப் புல்லோடு கலந்து இரகம் கெடும் என்ற பயம் வேண்டாம். மக்காச்சோளம், கம்பு போல இல்லை. உங்கள் விதையை நீங்களே வருடக்கணக்கில் பெருக்கிக்கொள்ளலாம்.

விதை எடுத்த பின் நிற்கும் தாளைச் சத்துள்ள தீவனம் என்று எண்ண வேண்டாம், அது வைக்கோலுக்குச் சமம். நறுக்கி, பயறு வகைத் தீவனமான முயல் மசாலோ வேலி மசாலோ கலந்து போடுங்கள். குதிரை இருந்தால் கொழுக்கட்டையை மட்டும் நம்பி வைக்கக் கூடாது. இதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை, தாது உப்புக் கலவை மட்டும் தவறாமல் கொடுங்கள். காய்ந்த புல்லைச் சுற்றி மூன்று மீட்டர் அகலம் வெறும் தரையாகச் செதுக்கி விடுங்கள். அஞ்செட்டி, பென்னாகரம் போலக் காட்டோரக் கொல்லைகளில் பிப்ரவரியில் தீப்பிடிக்க ஒரு பீடித்துண்டு போதும்.

முயல் மசாலைத் தீவனக் கொல்லையில் மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை போடலாம். விதையின் மேல்தோல் கெட்டி, 80 டிகிரி சூட்டு நீரில் நாலைந்து நிமிடம் வைத்துவிட்டு, பிறகு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால்தான் முளைக்கும். ஆனால் முயல் மசாலில் விதை எடுக்க நினைத்தால் தனிப் பாத்தி வேண்டும். அது தரையில் உதிர்ந்த பிறகு விளக்குமாற்றால் கூட்டிச் சலித்து எடுக்கும் விதை. புல்லுக்கு நடுவே இருந்தால் கூட்ட முடியாது. அனந்தபூர் வட்டாரத்தில், நம்மைவிடக் குறைந்த மழையில், அப்படித்தான் எடுக்கிறார்கள். வேலி மசாலை வரப்போரம் விடலாம். நெற்று பழுப்பானதும் வெடிப்பதற்கு முன் பறிக்க வேண்டும்.

விற்பனை. சொந்த நிலத்தில் விளைந்த விதையை முத்திரைப் பெயர் இல்லாமல் இன்னொரு விவசாயிக்கு விற்கும் உரிமை 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பெயர் போட்டுப் பொட்டலம் கட்டிக் கடையில் விற்க வேண்டுமானால் உரிமமும் விவரச்சீட்டும் தேவை. விதை எடுப்பதற்கு முன்பே வாங்குபவரைப் பிடியுங்கள். பத்து கிலோ விதை மூன்று நான்கு ஏக்கருக்குப் போதும் என்பதால் ஊரில் ஆடு வளர்க்கும் இரண்டு மூன்று பேர் இருந்தாலே முதல் வருடச் சரக்கு தீர்ந்துவிடும். கொடுக்கும்போது முளைப்புச் சோதனை எண்ணையும் அறுத்த மாதத்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பையோடு கட்டிக் கொடுங்கள், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மூடக் கூடாது என்பதையும் சேர்த்து.